தெளிதல்: பெங்களூரில் குடியை விட்டவர்களின் உறவு வரலாறு

மதுவின் வரலாற்றை எழுத முற்படுவோருக்குச் சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. ஆயத்தீர்வைக் கணக்குகள், சாராயக்கடை ஏல விவரங்கள், மதுவிலக்குச் சட்டங்கள், கள்ளச்சாராயச் சாவுகளைப் பற்றிய அறிக்கைகள் என அவை அடுக்கடுக்காக இருக்கின்றன. குடியை விட்ட மனிதரைப் பற்றிய சான்றுகளோ மிகக் குறைவு. கடையில் ஒருவர் வாங்கியது கணக்கில் ஏறும். வாங்காமல் வீடு திரும்பியது ஏறாது. இதனால் மதுவிலக்கின் வரலாறு அரசின் வரலாறாகவும், குடியின் வரலாறு சீரழிவின் வரலாறாகவும் எழுதப்பட்டுவிட்டன. குடியை நிறுத்திய பின் மனைவி, மக்கள், நண்பர், உடன் உழைப்போர் ஆகியோரோடு ஒருவருக்குள்ள உறவு என்னவாகிறது, அவருடைய உலகப் பார்வை எவ்வாறு மாறுகிறது என்ற கேள்வி வரலாற்றுக்கு வெளியே நின்றுவிட்டது. பெங்களூரையும் அதைச் சூழ்ந்த தமிழ் உழைப்பாளர் உலகையும் முன்வைத்து அக்கேள்வியை எழுப்ப முடியும்.

முதலில் சொற்களைப் பார்க்க வேண்டும். 'மதுவிலக்கு' என்பது அரசு செய்யும் செயலைக் குறிக்கும் சொல். தனி மனிதர் குடியிலிருந்து மீண்டு வாழும் நிலையைக் குறிக்க அதுபோல் நிலைபெற்ற பெயர்ச்சொல் தமிழில் இல்லை. 'குடியை விட்டுவிட்டார்' என்று வினையால்தான் சொல்கிறோம். ஆனால் பழைய வினை ஒன்று இருக்கிறது: தெளிதல். போதை தெளிகிறது, மயக்கம் தெளிகிறது என்கிறோம். அதே வினைக்கு 'நம்புதல்' என்ற பொருளும் உண்டு. திருக்குறளின் 51ஆம் அதிகாரமான 'தெரிந்து தெளிதல்' ஒருவரை ஆராய்ந்து நம்புவதைப் பற்றியது. 'தேறு' என்ற வினையும் இவ்வாறே. நோயாளி தேறுகிறார், துயருற்றவர் தேறுதல் அடைகிறார், ஒருவரை நம்புவதும் தேறுதல்தான். தெளிந்த கள்ளுக்குச் சங்க இலக்கியம் வழங்கும் பெயரும் தேறல். குடியின் தெளிவையும் மனிதர்மேல் வைக்கும் நம்பிக்கையையும் தமிழ் ஒரே வேரில் வைத்திருக்கிறது. இது சொல்லாராய்ச்சி தரும் சுவையான செய்தி மட்டுமன்று. குடியை விட்டவர் எதிர்கொள்ளும் முதற் சிக்கலே இதுதான். அவருடைய உடல் சில நாட்களில் தெளிந்துவிடும். பிறர் அவரைத் தெளிவதற்கு ஆண்டுகள் ஆகும். 'குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு' என்ற பழமொழி சொல்லும் இழப்பு பண இழப்பும் அன்று, உடல்நல இழப்பும் அன்று. சொல்லின் மதிப்பு இழக்கப்பட்டதையே அது சொல்கிறது.

மது உறவைக் கெடுக்கிறது என்பது பாதி உண்மையே. மது உறவை ஆக்கவும் செய்தது. அதியமான் இறந்தபின் ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டு, சிறிதளவு கள் கிடைத்தால் தமக்கே கொடுத்துவிடுவான் என்றும், மிகுதியாகக் கிடைத்தால் தாம் பாடத் தானும் மகிழ்ந்து உண்பான் என்றும் அவனை நினைத்து இரங்குகிறது. அங்கே கள், புரவலனுக்கும் புலவருக்கும் இடையே ஓடும் அன்பின் அளவுகோல். திருக்குறளின் 93ஆம் அதிகாரமான கள்ளுண்ணாமை வேறோர் உலகத்திலிருந்து பேசுகிறது. கள்ளை நஞ்சுக்கு நிகராக வைக்கும் குறளும் அதில் உண்டு; எனினும் அதிகாரத்தின் பெரும்பகுதி பிறர் பார்வையைப் பற்றியது. பெற்ற தாயின் முகம், சான்றோரின் முகம், ஊராரின் எள்ளல், புறங்காட்டிப் போகும் நாண் என்னும் நல்லாள் என உறவுகளின் வரிசை ஒன்று அங்கே நிற்கிறது. கடைசிக் குறள், தான் குடிக்காத வேளையில் குடித்து மயங்கிய இன்னொருவனைக் காணும் மனிதனைப் பற்றியது. அவனுடைய சோர்வைக் கண்டு தன் சோர்வை எண்ணிப் பார்க்க மாட்டானோ என்று வள்ளுவர் கேட்கிறார். குடிப்பவர் இன்னொரு குடிப்பவரைக் கண்டே தன்னை அறிகிறார் என்ற இந்தக் கருத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இருபதாம் நூற்றாண்டில் அது வேறொரு நாட்டில் ஓர் இயக்கமாகவே எழுந்தது.

பெங்களூரில் தமிழர் குடியேற்றம் பெருகியதற்கு முக்கியக் காரணம் 1809இல் ஆங்கிலேயர் நிறுவிய படைப்பாசறை. 'தண்டு' என்று வழங்கப்பட்ட அப்பகுதியில் சிப்பாய்கள், சமையற்காரர்கள், கட்டடத் தொழிலாளர்கள், வணிகர்கள் எனத் தமிழ் பேசுவோர் திரண்டனர். படை இருந்த இடத்தில் மதுவும் இருந்தது. தென்னிந்தியாவின் பல பீர் ஆலைகளை ஒன்றிணைத்து 1915இல் தாமஸ் லீஷ்மன் தொடங்கிய யுனைடெட் புருவரீஸ் நிறுவனம் இந்நகரை மையமாகக் கொண்டே வளர்ந்தது. கிழக்கே கோலார் தங்கவயலில் 1880களிலிருந்து ஜான் டெய்லர் நிறுவனத்தின் சுரங்கங்களுக்கு வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து தொழிலாளர்கள் சென்றனர். அவர்களுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். பூமிக்கடியில் வேலை முடித்து மேலே வருபவருக்குச் சாராயக்கடை இளைப்பாறும் இடம். உடன் உழைப்பவரோடு பேசக் கிடைத்த ஒரே பொது இடமும் பலருக்கு அதுவே. குடியை விடுவது என்றால் அந்தத் தோழமையையும் விடுவது என்று பொருள்.

அந்தத் தோழமைக்கு மாற்றாக வேறொரு தோழமையை முன்வைத்த முதல் முயற்சிகளுள் ஒன்று தமிழ்ப் பௌத்தம். அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கத்துக்குப் பெங்களூரிலும் கோலார் தங்கவயலின் மாரிக்குப்பத்திலும் கிளைகள் இருந்தன. 1907இல் அவர் சென்னையில் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழுக்குத் தங்கவயலில் உறுதியான வாசகர் வட்டம் இருந்தது. 1926இல் 'தமிழன்' அங்கிருந்தே ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு மீண்டும் வெளிவந்தது. பஞ்சசீலத்தின் ஐந்தாம் சீலம் மயக்கம் தரும் பொருளை விலக்குவது. சங்கத்தில் சேர்ந்த தொழிலாளி ஒருவர் அச்சீலத்தை ஏற்கும்போது ஒரு பழக்கத்தை விடுவதோடு நிற்கவில்லை. ஒடுக்கப்பட்டோரைக் குடியர் என்றே சித்திரித்த மேற்சாதிப் பேச்சுக்கு மறுமொழி சொல்கிறார். வாரந்தோறும் கூடும் கூட்டம், இதழ் வாசிப்பு, பௌத்த முறைப்படி நடக்கும் திருமணம், பிள்ளைகளுக்கான பள்ளி என்று புதிய உறவுவலை ஒன்று அவருக்குக் கிடைக்கிறது. குடியற்ற நிலை இங்கே தன்மானத்தின் மொழியில் பேசப்பட்டது. அதனால் அது தண்டனையாகத் தோன்றாமல் உரிமையாகத் தோன்றியது.

அரசு கையில் எடுத்த மதுவிலக்கு வேறு வகை. 1937 அக்டோபர் 1 அன்று இராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களும் அன்றைய சேலம் மாவட்டத்தில் அடங்கியவை. ஆகவே பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஓசூரில் கடைகள் மூடப்பட்டன. எல்லைக்கு இப்பால் மைசூர் அரசில் அவை திறந்திருந்தன. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் பி. ஜே. தாமஸ் இந்தச் சோதனையின் விளைவுகளை ஆராய்ந்தார். உழைப்பாளர் வீடுகளின் வரவு செலவை ஆராய்ந்த அந்த ஆய்வின் வழியாகவே, குடி நின்ற வீட்டில் பணம் எங்கே போகிறது என்ற கேள்வி முறையான ஆய்வுப் பொருளாயிற்று. உணவு, துணி, கடன் என்ற தலைப்புகளில் மாற்றத்தை அளக்க முடிந்தது. வீட்டுக்குள் யார் அந்தப் பணத்தைக் கையாள்கிறார் என்பது அத்தகைய அளவீட்டுக்கு எளிதில் அகப்படுவதன்று. இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. போர்க்காலத்தில் மதுவிலக்குக் கைவிடப்பட்டது. கடையை மூடுவதும் திறப்பதும் ஓர் ஆணையில் அடங்கும். குடும்பத்துக்குள் மாறிய அதிகாரம் அவ்வாறு ஆணைக்குக் கட்டுப்படுவதில்லை.

இதே காலத்தில் அமெரிக்காவில் மூன்றாவது வழி ஒன்று பிறந்தது. பங்குச் சந்தைத் தொழிலிலிருந்த பில் வில்சனும் மருத்துவர் பாப் ஸ்மித்தும் அக்ரன் நகரில் 1935இல் சந்தித்தார்கள். ஸ்மித் கடைசியாகக் குடித்ததாகக் கருதப்படும் 1935 ஜூன் 10ஆம் நாளை ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தன் தொடக்க நாளாகக் கொள்கிறது. ஒரு குடிநோயாளி இன்னொரு குடிநோயாளியோடு பேசுவதே மருந்து என்பது அதன் அடிப்படை. 1939இல் வெளியான அதன் நூல் பன்னிரண்டு படிகளை முன்வைத்தது. அவற்றுள் எட்டாம் படியும் ஒன்பதாம் படியும் முழுக்க உறவைப் பற்றியவை: தம்மால் தீங்குற்றவர்களின் பட்டியலை எழுத வேண்டும், அவர்களுக்கு இயன்றவரை ஈடு செய்ய வேண்டும், ஈடு செய்வதே அவர்களுக்கு மேலும் தீங்காகும் என்றால் விலகி நிற்க வேண்டும். இந்த விலக்கு மிக முக்கியமானது. மன்னிப்பைக் கேட்கும் உரிமை குடியை விட்டவருக்கு உண்டு. மன்னிக்க வேண்டிய கடமை பிறருக்கு இல்லை என்பதை அது ஒப்புக்கொள்கிறது.

இவ்வியக்கம் 1957இல் இந்தியாவுக்கு வந்தது. பெங்களூரில் ஆங்கிலம், கன்னடம், தமிழ் ஆகிய மொழிகளில் இன்று கூட்டங்கள் நடக்கின்றன. தமிழில் அதன் நடைமுறை சில மாற்றங்களைக் கண்டது. ஆங்கிலத்தில் உறுப்பினர் தம் பெயரையும் குடும்பப் பெயரின் முதலெழுத்தையும் சொல்வார். தமிழரின் முன்னெழுத்து பொதுவாகத் தந்தையின் பெயருக்கு உரியது. அதை நீக்கிப் பெயரை மட்டும் சொல்லும்போது தந்தை, ஊர், சாதி ஆகிய அடையாளங்களும் வாசலோடு நின்றுவிடுகின்றன. 'குடிகாரன்' என்ற சொல்லின் இடத்தில் 'குடிநோயாளி' வருகிறது. முன்னதிலுள்ள விகுதி ஒருமையும் இழிவும் கலந்தது. பின்னதோ ஆண், பெண் இருவருக்கும் பொதுவானது, 'அவர்' என்ற மரியாதைப் பெயரோடு இயல்பாக இணைவது. இருபது ஆண்டுகளாகக் குடிக்காதவரும் 'நான் ஒரு குடிநோயாளி' என்றே தம்மை அறிமுகம் செய்துகொள்வார். நிகழ்கால உணர்வுடைய அந்தப் பெயர்ப்பயனிலை, தாம் வென்றுவிட்டதாக எண்ணாமல் இன்று ஒரு நாளைக் கடந்ததாக எண்ணும் பார்வையை மொழியில் பதிக்கிறது. குடியை விட்டவரின் உலகப் பார்வையில் நேரும் முதன்மையான மாற்றம் இந்தக் கால உணர்வே. வாழ்நாள் முழுமைக்கும் சத்தியம் செய்து மறுநாளே மீறியவர், ஒரு நாளுக்கு மட்டும் சொல் கொடுத்துக் காப்பாற்றக் கற்கிறார். பழமொழி சொன்ன இழப்பு அந்த அளவில், அந்த வேகத்தில்தான் ஈடாகிறது.

குடும்பத்தின் பக்கம் நிகழ்வது இவ்வளவு நேரானது அன்று. பில் வில்சனின் மனைவி லோயிஸ், கணவர் குடியை விட்ட பின் ஒருநாள் கூட்டத்துக்குப் புறப்படச் சொன்னபோது சினந்து காலணியை வீசியதைப் பிற்காலத்தில் தாமே நினைவுகூர்ந்தார். பல ஆண்டுகள் தாம் போராடியும் முடியாததை அயலார் சில மாதங்களில் செய்துவிட்டார்கள் என்ற மனக்குறை அதன் பின்னே இருந்ததை அவர் உணர்ந்தார். குடும்பத்தாருக்கான அல்-அனான் அமைப்பை அவரும் மற்றொரு பெண்ணும் 1951இல் உருவாக்கினார்கள். 1954இல் சமூகவியலாளர் ஜோன் ஜாக்சன், குடிநோய்க்கு ஆட்பட்ட குடும்பம் கடக்கும் ஏழு கட்டங்களை விவரித்தார். தொடக்கத்தில் குடும்பம் சிக்கலை மறுக்கிறது, பிறகு மறைக்கிறது, நடுவே சிதைகிறது, பின்னர் மனைவி பொறுப்பேற்க, கணவர் இல்லாமலே வீடு தன்னைச் சீரமைத்துக்கொள்கிறது. ஏழாம் கட்டம் கணவர் குடியை விட்ட பின் வருவது. அதையும் அவர் நெருக்கடியின் கட்டமாகவே கண்டார். தந்தையின் இடம் நிரப்பப்பட்டுவிட்ட வீட்டுக்கு ஒரு தந்தை திரும்பி வருகிறார். கடனை அடைத்தவர், பிள்ளைகளின் பள்ளியைத் தேர்ந்தவர், உறவினர் வீட்டுத் திருமணங்களில் தனியே நின்றவர் மனைவி. குடியை விட்டதற்குக் கைம்மாறாகக் கணவர் பழைய அதிகாரத்தைக் கேட்கும்போது, வீடு அதைத் தர மறுக்கிறது. குடியை விடுவது பழைய உறவை மீட்டுத் தரும் என்ற எதிர்பார்ப்பு பல வீடுகளில் இங்கேதான் உடைகிறது.

இந்திய மருத்துவ மரபு இதை ஓரளவு முன்பே உணர்ந்திருந்தது. பெங்களூரின் மனநல மருத்துவமனையும் 1954இல் தொடங்கிய அகில இந்திய மனநல நிறுவனமும் 1974இல் இணைந்து நிம்ஹான்ஸ் ஆனது. நோயாளியோடு குடும்பத்தாரையும் சேர்த்துப் பார்க்கும் குடும்ப மனநலப் பிரிவு அங்கே 1970களில் உருப்பெற்றது. 1990களில் குடிநோய்க்கெனத் தனிப் பிரிவு வளர்ந்தது. அப்பிரிவின் மருத்துவர் விவேக் பெனகல் முதலானோர் 2000இல் வெளியிட்ட ஆய்வு, கருநாடகத்தில் மதுவால் சமூகம் சுமக்கும் செலவு மாநிலத்துக்கு மதுவால் கிடைக்கும் வருவாயைவிட மிகுதி என்று காட்டியது. சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையும் இவ்வழியில் முன்னோடி. குடிநோய்க்குக் கணவரை இழந்தவர் அவர். நோயாளிக்குச் சிகிச்சை நடக்கும்போதே குடும்பத்தாருக்கும் தனியே பயிற்சி தரும் முறையை அந்நிறுவனம் வேரூன்றச் செய்தது.

ஆனால் குடும்பத்தைச் சிகிச்சையில் சேர்ப்பதற்கு இரண்டு முகங்கள் உண்டு. டைசல்ஃபிராம் என்ற மாத்திரையை எடுத்துக்கொள்பவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். 1940களின் இறுதியில் டென்மார்க்கில் மருந்தாகப் பயன்பாட்டுக்கு வந்த அது, வீட்டார் பார்வையில் விழுங்கப்பட்டால் நன்கு பயன் தருகிறது. இந்தியாவில் அந்தப் பார்வை பெரும்பாலும் மனைவியுடையது. அதனால் மனைவி என்பவர் நாள்தோறும் கணவரின் வாயைக் கவனிக்கும் காவலர் ஆகிறார். தெளிதல் என்ற வினையின் இரண்டு பொருள்களும் அங்கே பிரிந்து நிற்கின்றன: உடல் தெளிவை மாத்திரை காக்கிறது, நம்பிக்கையின் தெளிவு இன்னும் வரவில்லை. மாத்திரை விழுங்குவதைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே மனைவிக்கு வராத நாள் எந்த மருத்துவக் குறிப்பிலும் பதிவாகாது. உறவின் வரலாற்றில் திருப்புமுனை அதுவே.

நண்பர் வட்டத்தில் நிகழும் மாற்றம் வேறு வகையானது. பெங்களூரின் உழைப்பாளர் குடியிருப்புகளில் பாக்கெட் சாராயம் நாள் கூலியோடு ஒட்டிய வழக்கமாக இருந்தது. 1981 ஜூலையில் பெங்களூரிலும் அதைச் சுற்றியும் நச்சுச் சாராயத்துக்கு 300க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். 2007 ஜூலை 1 முதல் கருநாடக அரசு சாராயத்தைத் தடை செய்தது. பத்து மாதங்கள் கழித்து, 2008 மே மாதத்தில், பெங்களூர், கோலார், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் கள்ளச்சாராயத்துக்கு 150க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாநில எல்லையின் இரு புறமும் இறந்தவர்கள் ஒரே வகை மக்கள்: தினக்கூலிகள். சாராயத்தைத் தடை செய்த ஆணை, விலை கூடிய பிற மதுவை விட்டுவைத்தது. குடியை நிறுத்த ஒருவருக்குத் தேவையான மாற்றுக் கூட்டுறவை அது ஏற்படுத்தித் தரவில்லை. மாலையில் எங்கே போவது, யாரோடு பேசுவது என்ற கேள்விக்குத் தங்கவயலின் பௌத்த சங்கம் ஒரு விடை வைத்திருந்தது. அனானிமஸ் கூட்டம் ஒரு விடை வைத்திருக்கிறது. தடையாணையிடம் விடை இல்லை. குடியை விட்டவர் திருமணத்திலும் சாவு வீட்டிலும் திருவிழாவிலும் தனித்து நிற்கிறார். பழைய நண்பர்களுள் சிலர் அவரைக் கேலி செய்கிறார்கள். அவரைப் பார்க்கும்போது தங்கள் சோர்வு தெரிவதால் சிலர் விலகுகிறார்கள். வள்ளுவரின் கடைசிக் குறள் இங்கே திசை மாறிப் பொருந்துகிறது.

இவ்வரலாற்றில் இன்னும் மறைந்திருப்போர் குடிக்கும் பெண்கள். 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி இந்தியாவில் 10 முதல் 75 வயது வரையுள்ள ஆண்களில் 27.3 விழுக்காட்டினரும் பெண்களில் 1.6 விழுக்காட்டினரும் மது அருந்துகிறார்கள். எண்ணிக்கை சிறிது என்பதால் பெண்ணின் குடிநோய் பேசப்படுவதில்லை. பேசப்படாததால் சிகிச்சைக்கு வருவதும் அரிது. குடிக்கும் கணவருக்காக மருத்துவமனை வாசலில் காத்திருக்கும் மனைவியை நம் பண்பாடு போற்றும். குடிக்கும் மனைவிக்காகக் காத்திருக்கும் கணவரை அது இன்னும் கற்பனை செய்யவில்லை. குடும்பத்தை மையமாகக் கொண்ட சிகிச்சையின் எல்லை இதுவே.

2019 ஜனவரியில் கருநாடகத்தின் கிராமப்புறப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சித்திரதுர்க்காவிலிருந்து பெங்களூருக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நடந்து வந்து மதுவிலக்கைக் கேட்டார்கள். அரசின் மறுமொழி எப்போதும்போல் வருவாயைச் சுற்றியே இருந்தது. மாநிலத்தின் ஆயத்தீர்வை வருவாய் இன்று ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. அப்பெண்கள் கேட்டது மதுவிலக்கு. அவர்கள் நடந்து வந்ததோ வீட்டில் காப்பாற்றப்படாத சொற்களின் பொருட்டு. இவ்விரண்டுக்கும் இடையேயான தொலைவை ஒரு நூற்றாண்டின் அனுபவம் காட்டுகிறது. கடையை மூடுவது சில உயிர்களையும் சில வீடுகளையும் காக்கலாம்; மூடிய கடைக்கு வெளியே நிற்கும் மனிதருக்கு மாலை நேரத்துக்கு ஓர் இடமும், தம்மைப் போன்ற சிலரும், பொறுமையோடு ஆராய்ந்து தெளிய நேரம் பெற்ற ஒரு குடும்பமும் வேண்டும். இவற்றுள் எதையும் குடியை விட்டவர் தனியாக உருவாக்கிக்கொண்டதாக வரலாறு காட்டவில்லை. சிகிச்சை மையங்கள் குடிக்காத நாட்களை எண்ணுகின்றன; அரசு விற்ற பெட்டிகளை எண்ணுகிறது. மனைவி தன் சம்பளத்தை ஒளித்து வைப்பதை எப்போது நிறுத்தினார், பிள்ளைகள் தந்தையின் காலடிச் சத்தத்துக்கு எப்போது அஞ்சாமலானார்கள், பக்கத்து வீட்டார் எப்போது மீண்டும் கடன் கொடுத்தார்கள் என்பவற்றையும் யாராவது கேட்டுப் பதிந்தால்தான் குடியை விட்டவர்களின் வரலாறு எழுதப்படும்.